எண்ணிமத் தொகுப்பேடு

எண்ணிமத் தொகுப்பேடு என்பது ஒரு மாணவர் தாம் கற்கும் காலத்தில் உருவாக்கிய ஆக்கங்களுள் தாமே தேர்ந்தெடுத்தவற்றையும், அவற்றைப் பற்றித் தாம் எழுதிய மீள்நோக்குக் குறிப்புகளையும் கணினியிலோ இணையத்திலோ ஒழுங்குபடுத்தி வைக்கும் திரட்டு ஆகும். மின்-தொகுப்பேடு, இ-போர்ட்போலியோ என்னும் பெயர்களாலும் இது குறிக்கப்படுகிறது. கட்டுரை, கணக்கு, ஓவியம், ஒளிப்படம், ஒலிப்பதிவு, நிகழ்படம், ஆய்வுக் குறிப்பு என எதுவும் இதில் இடம்பெறலாம். ஆக்கங்களை வெறுமனே சேமித்து வைக்கும் கோப்புறையைத் தொகுப்பேடு எனக் கொள்வதில்லை. எதை ஏன் தேர்ந்தெடுத்தேன், எங்கே தவறினேன், அடுத்து என்ன செய்வேன் என்பவற்றை மாணவர் தம் சொற்களில் எழுதும்போதே அது தொகுப்பேடு ஆகிறது.

இக்கட்டுரை தொகுப்பேட்டின் பொது இயல்புகளையும், தமிழ்நாட்டில், குறிப்பாகத் தஞ்சாவூரை உள்ளிட்ட காவிரிப் படுகையில், அதற்கு முன்னோடியாக அமைந்தவற்றையும், இன்றைய பள்ளிகளில் அதற்குள்ள இடத்தையும் விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் தம் வரைபடத் தாள்களை ஒரு தோல் உறையில் இட்டு, வேலை தருவோரிடம் காட்டுவதற்கு எடுத்துச் செல்வது ஐரோப்பிய வழக்கம். போர்ட்போலியோ என்னும் சொல் அவ்வுறையையே குறித்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இதற்கு நெருக்கமாக ஒலிக்கும் சொல் திரள் பதிவேடு என்பதாகும். ஆனால் திரள் பதிவேட்டை எழுதுபவர் ஆசிரியர். மாணவரின் உயரம், எடை, வருகை, மதிப்பெண் முதலியவை அதில் பதியப்படுகின்றன. பெரும்பாலான மாணவர்கள் தம்மைப் பற்றிய திரள் பதிவேட்டைத் தம் கையால் புரட்டிப் பார்த்ததே இல்லை. தொகுப்பேட்டை எழுதுபவரும் உரிமையாளரும் மாணவரே என்பதால் இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் பொருந்தாது.

தோற்றம்

தம் செயலைத் தாமே திரும்பிப் பார்த்துச் சிந்திப்பதன் வழியாகக் கற்றல் ஆழப்படுகிறது என்னும் கருத்தை அமெரிக்க மெய்யியலாளர் சான் டூயி 1910இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். 1983இல் டோனால்டு சோன், பொறியாளர் போன்ற தொழில்முறையாளர்கள் பணியினூடே எவ்வாறு மீள்நோக்கிக் கற்கின்றனர் என்பதை ஆராய்ந்தார். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பள்ளிகளில் எழுத்துப் பயிற்சிக்குத் தாள் தொகுப்பேடுகள் பரவின. 1991இல் பால்சன், பால்சன், மேயர் ஆகிய மூவர் எழுதிய கட்டுரை, மாணவர் பங்கேற்புடன் தேர்வதும் தன்மதிப்பீடுமே தொகுப்பேட்டின் அடையாளங்கள் என வரையறுத்தது. இன்றும் பலர் இதனையே அடிப்படையாகக் கொள்கின்றனர்.

கணினி பரவியபின் தாள் உறை கோப்பாக மாறியது. நியூசிலாந்தில் 2006இல் தொடங்கப்பட்ட மகாரா என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கெனவே உருவாக்கப்பட்டது. மாவோரி மொழியில் அச்சொல்லுக்குச் சிந்தனை என்பது பொருள். சிறு வகுப்புக் குழந்தைகளுக்கென சீசா என்னும் செயலி பின்னர் வெளிவந்தது. எனினும் தனி மென்பொருள் கட்டாயம் அன்று. ஒரு கோப்புறையும் ஓர் உரைக்கோப்பும் இருந்தாலே தொடங்கிவிடலாம்.

கும்பகோணத்து நோட்டுப் புத்தகங்கள்

மாணவரின் சொந்தப் பதிவேடு தேர்வு முடிவைவிட உண்மையாக அவரைக் காட்டக்கூடும் என்பதற்கு உலக அளவில் சொல்லத்தக்க சான்று காவிரிக் கரையிலேயே உள்ளது. கணித மேதை சீனிவாச இராமானுசன் (1887–1920) ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். நகர உயர்நிலைப் பள்ளியில் சிறந்து தேறி, 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர மற்றப் பாடங்களைப் புறக்கணித்ததால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எழுதிய எப்.ஏ. தேர்விலும் தோல்வியுற்றார். அக்காலத்து வழக்கப்படி அவருடைய கல்வி அத்துடன் முடிந்தது. பட்டம் என்று காட்ட அவரிடம் எதுவும் இல்லை.

அவரிடம் இருந்தவை நோட்டுப் புத்தகங்கள். ஏறத்தாழ 1904 முதல் தாம் கண்டறிந்த முடிவுகளை அவர் அவற்றில் எழுதி வந்தார். 1910இல் அவற்றை எடுத்துக்கொண்டு, இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவரும் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தவருமான இராமசாமி ஐயரைக் காணச் சென்றார். ஐயரின் வழியாகவும் பிறரின் வழியாகவும் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவை அடைந்தார். அவர் மாதம் 25 ரூபாய் அளித்து உதவினார். 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு எழுதிய மடலில் அவர் இணைத்து அனுப்பியவையும் இந்நோட்டுப் புத்தகங்களில் இருந்த முடிவுகளே. பட்டம் இல்லாத ஒருவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் அவ்வாண்டே மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. தேர்வு மூடிய கதவுகளை ஒரு தொகுப்பேடு ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தது எனலாம்.

ஆனால் அந்நோட்டுப் புத்தகங்களில் ஒரு குறையும் உண்டு. மாணவர்களுக்கு அதுவே கூடுதலாகப் பயன்படக்கூடிய செய்தி. இராமானுசன் கணக்குகளைச் சிலேட்டுப் பலகையில் போட்டுப் பார்ப்பார். தாள் வாங்கும் வசதி போதாது. முடிவு கிடைத்தவுடன் அதை மட்டும் ஏட்டில் எழுதிவிட்டுச் சிலேட்டை முழங்கையால் துடைத்துவிடுவார். அவர் விரும்பிப் படித்த காரின் கணிதத் தொகுப்பு நூலும் நிறுவல்களைச் சுருக்கமாகத் தந்தோ விட்டுவிட்டோ முடிவுகளை அடுக்கிச் செல்வது. ஆகவே விடைகள் எஞ்சின, வழிகள் அழிந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அம்முடிவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, நிறுவல்களுடன் அமெரிக்கக் கணிதவியலாளர் புரூசு பெர்ண்ட் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வெளிவந்தன. ஓர் இளைஞரின் சிலேட்டில் இருந்ததை மீட்க அறிஞர்களுக்கு இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன.

இதற்கு மாறான நிகழ்வு ஒன்றும் அவர் வாழ்விலேயே உண்டு. பல்கலைக்கழக உதவித்தொகை பெற்றபோது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தம் பணியைப் பற்றி அறிக்கை தர வேண்டும் என்னும் விதி இருந்தது. 1913–14இல் அவர் மூன்று அறிக்கைகள் அளித்தார். நோட்டுப் புத்தகங்களில் காணப்படாத வகையில், தாம் பயன்படுத்திய முறையை அவற்றில் விளக்கினார். இன்று இராமானுசனின் தலைமைத் தேற்றம் எனப்படுவது அவ்வறிக்கைகளில் விரிவாக இடம்பெற்றுள்ளது. எப்படிச் செய்தாய் என்று ஒருவர் கேட்கும்போது, கேட்காதபோது எழுதப்படாத ஒன்று எழுதப்படுகிறது. தொகுப்பேட்டில் மீள்நோக்குக் குறிப்பு செய்யும் வேலை இதுவே.

படுகையின் பிற முன்னோடிகள்

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி (ஆட்சி 1798–1832) காலத்தைச் சேர்ந்த, கண் நோயாளிகளைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. நோயுற்ற கண்ணின் வண்ண ஓவியங்களும் அவற்றுடன் காணப்படுகின்றன. ஒளிப்படக் கருவி இல்லாத காலத்தில், கண்ட நிலையைப் படமாகவும் செய்த சிகிச்சையை எழுத்தாகவும் அருகருகே வைத்த முறை அது.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மாணவனுக்கெனத் தனிச் சுவடி இருந்தது. மணலில் எழுதிப் பழகியபின் ஓலையில் எழுதக் கற்று, பாடம் கூடக்கூட ஏடும் கூடும். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் 1855இல் பிறந்தவருமான உ. வே. சாமிநாதையர், தம் கல்வியை வாழ்வின் இறுதிக் காலத்தில் திரும்பிப் பார்த்து எழுதிய தன்வரலாறான 'என் சரித்திரம்', ஒரு மாணவர் எவ்வாறு கற்றார் என்பதற்குத் தமிழில் உள்ள மிக விரிவான பதிவுகளுள் ஒன்று. ஆயினும் திண்ணைப் பள்ளிச் சுவடி மனப்பாடத்துக்கு உரியதே அன்றி மாணவரின் கருத்துக்கு உரியது அன்று. அதனை இன்றைய தொகுப்பேட்டின் மூதாதை என மிகைப்படுத்த வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில்

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்ட செயல்வழிக் கற்றல் முறையில், வகுப்பறையின் மேற்பகுதியில் கம்பிப் பந்தல் கட்டப்பட்டது. குழந்தைகள் தாம் வரைந்தவற்றையும் எழுதியவற்றையும் அதில் தொங்கவிட்டனர். தரையை ஒட்டிய கரும்பலகையில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இடம் இருந்தது. வருகையையும் குழந்தைகளே குறித்தனர். தன் வேலையைத் தானே தேர்ந்து காட்சிக்கு வைக்கும் பழக்கம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பரவலாக நுழைந்தது இக்கம்பிப் பந்தலின் வழியாகவே எனக் கருத இடமுண்டு.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், மாணவரின் அறிவைத் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் எனக் கூறியது. அதன்படி 2012–13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் நடைமுறைக்கு வந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண் பிரிக்கப்பட்டது. வளரறி மதிப்பீட்டில் பாதி செயல்பாடுகளுக்கு உரியது. செயல்பாட்டுக்குச் சான்று வேண்டும் என்பதால் வகுப்பறை அலமாரிகளில் விளக்கப்படங்களும் தொகுப்புகளும் குவிந்தன.

நோக்கம் நன்று, நடைமுறை எல்லா இடத்திலும் அப்படி அமையவில்லை. எழுதுபொருள் கடையில் விற்கும் ஆயத்தப் படங்களை ஒட்டியும், இணையத்திலிருந்து அச்சிட்டும், பெற்றோர் உதவியுடன் இரவோடிரவாகச் செய்தும் ஒப்படைக்கப்பட்டவை பல. மதிப்பெண் பதிவு முடிந்ததும் அவை மாணவரிடம் திரும்பாமல் பழைய தாள் கடைக்குச் சென்றதும் உண்டு. மாணவர் ஏன் அதைச் செய்தார் என்று ஒரு வரிகூட எழுதாத தொகுப்பு எவ்வளவு பருமனாக இருந்தாலும் தொகுப்பேடு ஆகாது.

2022 சூனில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்பு மாணவரின் கற்றல் நிலையை ஆசிரியர்கள் கைப்பேசிச் செயலி வழியே பதிகின்றனர். இதனை எண்ணிமத் தொகுப்பேடு எனச் சிலர் தவறாகக் கருதுவதுண்டு. இது கல்வித்துறைக்குப் பயன்படும் தரவு. குழந்தையின் கையெழுத்தோ குரலோ இதில் இல்லை. பதிவேற்றும் பணி கற்பிக்கும் நேரத்தைக் குறைக்கிறது என ஆசிரியர் அமைப்புகள் முறையிட்டதும் கவனிக்கத்தக்கது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பரிந்துரைத்த முழுமை வளர்ச்சி அட்டையில் மாணவரின் தன்மதிப்பீட்டுக்கும் சக மாணவரின் மதிப்பீட்டுக்கும் இடம் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு வயல், ஒரு கல்வியாண்டு

படுகையின் வேளாண்மை நாட்காட்டியும் பள்ளி நாட்காட்டியும் பெருமளவு ஒத்துச் செல்கின்றன. பள்ளி திறக்கும் சூனில் குறுவை தொடங்குகிறது. முதற்பருவத் தேர்வை ஒட்டி அது முதிர்கிறது. இரண்டாம் பருவம் முழுவதும் சம்பா வளர்கிறது. பொங்கலுக்குப் பின் பள்ளி திறக்கும்போது சம்பா அறுவடையும், தாளடியின் முதிர்ச்சியும். எனவே ஒரே வயலை ஆண்டு முழுவதும் நோக்கிப் பதிவது இவ்வட்டார மாணவருக்கு இயல்பாக வாய்க்கும் தொகுப்பேட்டுப் பணி ஆகும். கீழே தரப்படுவது விளக்கத்துக்காக அமைத்த மாதிரி.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டார் கைப்பேசியில் வாரம் ஒருமுறை ஒரே வரப்பில் நின்று, ஒரே திசையில், அளவு குறித்த குச்சி ஒன்றை நட்டு ஒளிப்படம் எடுக்கிறாள். ஒரு குத்தில் எத்தனை தூர் வெடித்துள்ளது, வயலில் எத்தனை விரற்கடை நீர் நிற்கிறது, இலையின் நிறம் எப்படி என்பவற்றை எழுதுகிறாள். நடவு நடும் பெண்களிடம் பேசி, நாற்று முடியைப் பற்றி அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்கிறாள். ஆண்டிறுதியில் முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் சேரும். அவற்றுள் எட்டை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஆசிரியர் வைக்கும் நிபந்தனை.

கார்த்திகையில் பயிரின் நடுவே வட்ட வட்டமாகச் சில இடங்கள் காய்ந்ததைக் கண்டு, 'தண்ணீர் போதவில்லை' என அவள் எழுதினாள் என்று கொள்வோம். இரண்டு வாரம் கழித்து, அது புகையான் பூச்சி தூரடியில் இருந்து சாறு உறிஞ்சியதால் வந்தது என்றும், அதற்கு நீரைக் கட்டுவதற்கு மாறாக வடிக்க வேண்டும் என்றும் வேளாண் அலுவலர் ஒருவரிடமிருந்து அறிகிறாள். தேர்வுத்தாளாயின் முதல் விடை தவறு. அதை அடித்துவிட்டு அடுத்ததை எழுத வேண்டும். தொகுப்பேட்டில் முதல் குறிப்பு அப்படியே நிற்கும். அதன் கீழ், 'நான் மேலிருந்து மட்டும் படம் எடுத்தேன். தூரை விலக்கி அடியில் பார்க்கவில்லை. குச்சியில் நீர் அளவு குறையவில்லை என்பது என் குறிப்பிலேயே இருந்தது. அதை நான் பார்க்காமல் எழுதிவிட்டேன்' என்னும் இரண்டாம் குறிப்பு சேரும். இவ்விரண்டு குறிப்புகளுக்கும் இடைப்பட்ட தொலைவே அவள் கற்றது.

ஓர் ஆண்டின் தொகுப்பேட்டை மற்றோர் ஆண்டினதோடு ஒப்பிடவும் இயலும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் சூன் 12. ஆனால் 2022இல் மே 24 அன்றே திறக்கப்பட்டது. 2024இல் சூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. இவ்விரு ஆண்டுகளில் ஒரே ஊர் மாணவர் எடுத்த சூன் மாதப் படங்களை அருகருகே வைத்தால், பாடநூலில் உள்ள பாசனம் என்னும் பாடம் வேறு வகையில் விளங்கும்.

மீள்நோக்குக் குறிப்பு

தொகுப்பேட்டில் மிகவும் கடினமான பகுதி இதுவே. 'இச்செயல்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பல புதிய செய்திகளை அறிந்துகொண்டேன்' என்பது போன்ற தொடர்களை மாணவர்கள் எளிதில் எழுதிவிடுவர். அது யாருக்கும் எதையும் சொல்வதில்லை. குறிப்பான வினாக்கள் உதவும்: எந்த இடத்தில் நின்றுவிட்டாய், யாரிடம் கேட்டாய், முதலில் என்ன நினைத்தாய், இதை மீண்டும் செய்தால் எதை விடுவாய். குறிப்பு நீளமாக இருக்கத் தேவையில்லை. எழுதத் தயங்கும் குழந்தை பேசிப் பதிவு செய்யலாம். எண்ணிம வடிவின் உண்மையான நன்மைகளுள் இது ஒன்று.

குறிப்புக்கு மதிப்பெண் இடலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மதிப்பெண் இட்டால் மாணவர்கள் ஆசிரியர் விரும்புவதை எழுதுவர், தவறை மறைப்பர் என்பது ஒரு சாரார் வாதம். இடாவிட்டால் எழுதவே மாட்டார்கள் என்பது மற்றொரு சாரார் வாதம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நோக்கியே அனைத்தும் நகரும் சூழலில் இரண்டாவது வாதத்தை எளிதில் ஒதுக்க இயலாது.

இடர்ப்பாடுகள்

கருவி முதல் தடை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் மேல்நிலை மாணவர் பலர் கணினி பெற்றனர். கீழ் வகுப்பினருக்கு வீட்டார் கைப்பேசியே வழி. அது வேலைக்குச் செல்லும் தந்தையுடனோ தாயுடனோ சென்றுவிடும்.

இரண்டாவது, இயற்கை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கசா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைச் சிதைத்தது. கூரை இழந்த வீடுகளில் மாணவரின் நூல்களும் குறிப்பேடுகளும் நனைந்து அழிந்தன. தொலைவில் உள்ள வழங்கியில் ஒரு படி இருந்திருந்தால் தப்பியிருக்கும் என்பது உண்மை. அதே புயலுக்குப் பின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை என்பதும் உண்மை. ஆகவே முதன்மையான சில பக்கங்களையேனும் அச்சிட்டு வைப்பது நல்லது.

மூன்றாவது, தனியுரிமை. குழந்தையின் முகமும் குரலும் தவறும் இணையத்தில் என்றென்றும் நிற்கக்கூடும். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிறர் காணாதவாறு பூட்டி வைத்து, மாணவர் விரும்புவதை மட்டும் திறந்து காட்டும் அமைப்பே பொருத்தமானது. பள்ளியை விட்டு நீங்கும்போது முழுத் தொகுப்பையும் அவர் எடுத்துச் செல்ல இயல வேண்டும். இதற்கு இடந்தராத செயலிகளைத் தவிர்க்கலாம்.

தமிழுக்கே உரிய இடர் ஒன்றும் உள்ளது. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழ்க் கோப்புகள் பல்வேறு எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டச்சு செய்யப்பட்டன. 1999இல் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி விசைப்பலகையும் குறியாக்கமும் தரப்படுத்தப்பட்ட பின்னரும், பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களின் வழக்கு நெடுநாள் நீடித்தது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் மட்டுமே தோன்றும். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துரு 16 பிட்டு முறையையும் ஏற்று ஆணையிட்டது. தொகுப்பேட்டை ஒருங்குறியில் எழுதி, பொதுவான கோப்பு வடிவங்களில் சேமிக்க வேண்டும் என வலியுறுத்துவதன் காரணம் இதுவே. இராமானுசனின் நோட்டுப் புத்தகங்களை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957இல் ஒளிப்பட அச்சாக வெளியிட்டது. 2012இல் ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் உதவியுடன் மூல ஏடுகள் எண்ணிமப்படுத்தப்பட்டுப் புதிய பதிப்பு வெளிவந்தது. நூறாண்டு கடந்த அத்தாள்களை இன்றும் படிக்க முடிகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் வானவில்லில் தட்டச்சு செய்த ஒரு பள்ளிக் கட்டுரையைப் படிக்க முதலில் ஒரு மாற்றியைத் தேட வேண்டியுள்ளது.